திணறும் லேப்டாப்

"என் வீட்டுக்காரரோட லேப்டாப். கேம் திக்கித் திக்கி ஓடுது. என்னோடது நல்லா ஓடுது. கார் ரேஸ்ல தினமும் என்கிட்ட தோக்கறார், பாவமா இருக்கு" என்று இடது கையால் நீட்டிவிட்டுப் போனாள் அந்த அம்மாள்.

மெக்கானிக் திறந்து பார்த்தார். தூசியில்லை, சூடுமில்லை. செட்டிங்ஸில் யாரோ ஃப்ரேம் ரேட்டை, அதாவது திரையில் படம் ஓடும் வேகத்தை, அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தார்கள். அதைச் சரிசெய்து முடித்தபோது கணவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"குறைச்சது நான்தான் சார். பக்கவாதம் வந்ததுல அவளுக்கு வலது கை சரியா வரலை. விளையாடினா பழகும்னார் டாக்டர். ஜெயிச்சாத்தான் விளையாடறா. வேணும்னே தோத்தா கண்டுபிடிச்சிடறா!"

மெக்கானிக் பழையபடி குறைத்து வைத்தார்.

மாலையில் அவள் வந்தாள். "சரியாயிடுச்சா?"

இருபது வருஷத் தொழிலில் சொல்லியறியாத வார்த்தையை மெக்கானிக் சொன்னார்.

"என்னால முடியலம்மா."