தலைவர் பனியன்

“ஏம்மா, யார் மூஞ்சி இது?”

காயாரோகணம் பனியனை மேசைமேல் விசிறியடித்தார். நாலு கட்டம், நாலிலும் ஒரே முகம். பச்சை, ஊதா, மஞ்சள், ரோஸ். சென்னையில் ஒரு மாலில் பெரிய பெரிய நடிகர்களை இப்படி வண்ணமடித்துத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து, தன் தலைவருக்கும் அதுபோல் செய்தாக வேண்டும் என்று அவருக்கு வெறி. ரிஃப்காவின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நாளை திருவாரூருக்குத் தலைவரே வருகிறார். ரசிகர் மன்றத்துக்கு மாவட்டச் செயலாளர் யார் என்று தன் வாயால் சொல்லப்போகிறார். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வீட்டில் கடுங்காப்பி குடித்த மனுஷர் காயாரோகணம். அவருக்கா இந்தக் கதி?

“உங்க தலைவர்தானேங்க?” என்றாள் ரிஃப்கா.

“தலைவரா? பச்சை மூஞ்சிகூட பரவால்லம்மா. முழியப் பாரு! தேள் கொட்டின திருடன் முழி. கன்னம் ரெண்டும் ஆப்பமா உப்பியிருக்கு. எங்க தலைவர் எப்பேர்ப்பட்ட அழகன்!”

“அண்ணே...” கூட வந்த நல்லக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“சும்மா இருடா! இந்த மூஞ்சிய நெஞ்சுல போட்டுக்கிட்டு எவன்டா தெருவுல நடப்பான்? பெத்தவளுக்கே பார்க்கப் பிடிக்காது!”

“அண்ணே, நான் சொல்றத...”

“வாய மூடுடா!”

ரிஃப்காவுக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. “கத்தாதீங்க. நான் சினிமாவே பார்க்கிறதில்லன்னு அன்னிக்கே சொன்னேன். போட்டோ கேட்டதுக்கு, ‘கடைத்தெருவுல பேனர் வச்சிருக்கேன், அதுலேருந்து எடுத்துக்க’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, சொன்னேன். அந்தப் பேனர்ல தலைவர் இல்லையா?”

அவள் கைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இதாங்க அந்தப் பேனரு. பெருசா இருக்கிறவர்தானே தலைவர்?”

பேனர் முழுக்கக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார் காயாரோகணம். தலைவர் மேல் மூலையில் இருந்தார், தபால்தலை அளவுக்கு.