பெல்லியப்பாவின் காப்பி
குடகில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. போரில் மாண்ட ஊர்க்காரர்களின் பெயர்களைப் பொறித்த கல்லில் இன்னும் தண்ணீர் வழிகிறது. வீட்டு முன்னோருக்குப் படைப்பதுபோலவே, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இலைத்துண்டில் பன்றிக்கறியும் சின்னக் கோப்பையில் ரம்மும் வைத்துக்கொண்டே வருகிறார் சோமய்யா. புது மருமகள் தேச்சம்மா, இன்னும் மடக்காத குடையோடு எட்டியெட்டிப் பார்க்கிறாள். கடைசிப் பெயரான பெல்லியப்பாவுக்கு மட்டும் ஆவி பறக்கும் காப்பி. "ஏன் மாமா, இவரு குடிக்க மாட்டாரா?" "யாரு, எங்கண்ணனா? திருட்டுத்தனமா குடிச்சு அம்மாகிட்ட விளக்குமாத்தால வாங்கினவன்! 'கல்யாணம் ஆகட்டும், அப்புறம் குடிடா'ன்னுட்டாங்க. அது ஆகறதுக்குள்ள போர்ல போயிட்டான்." அந்த அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் சோமய்யா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, காப்பியில் கொஞ்சம் ரம் ஊற்றுகிறார். தேச்சம்மா சட்டென்று குடையைச் சாய்த்து அதை மறைக்கிறாள்.