பாதி விளக்கெண்ணெய், பாதி ஸ்பிரிட்

கணேசபாண்டியன் அலுமினியக் குவளையில் விளக்கெண்ணெயை அளந்து ஊற்றிவிட்டு, ஸ்பிரிட் புட்டியின் மூடியைத் திருகினான்.

சண்டைக்காலம். டப்பாவில் வரும் பிரேக் ஆயில் பம்பாய்க் கடைகளில் மருந்துக்கும் இல்லை. தாராவி ஒர்க்‌ஷாப்புகளில் எல்லாரும் இப்படித்தான் பாதிக்குப் பாதி கலந்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

டாக்சிக்கார உதுமானுக்கு அவசரம். செம்பூர் ஆட்கள் நாலு பேரைப் புனாவுக்குக் கூட்டிப்போய், சாயங்காலமே அவர்களோடு கண்டாலா மலையிறங்கித் திரும்ப வேண்டும். என்ஜின் ஆயிலையே இதிலும் ஊற்றித் தொலைத்தால் என்ன என்று கேட்டான்.

அதை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிப்போகும் என்று கணேசபாண்டியன் அலுப்போடு சொன்னான். என்ஜினுக்கு அது, ரேடியேட்டருக்குத் தண்ணீர், பிரேக்குக்கு இது. இதில் தண்ணீர் சேர்ந்தாலோ இன்னும் மோசம். மலையிறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். மிதித்தால் பெடல் சும்மா தரைக்குப் போகும், வண்டி நிற்காது.

வாசலில் சோற்றுத் தூக்கோடு நின்ற அவன் பெண்டாட்டி பூமாரி ஸ்பிரிட் புட்டியைப் பார்த்தாள்.

மதுவிலக்கு ஊரில் அவள் புருஷன் குடித்தது இந்தப் புட்டியைத்தான். போன மாசம் இரண்டு நாள் கண் தெரியாமல் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனித் தொடமாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. அப்படி எத்தனை சத்தியம் பார்த்துவிட்டாள்!

புட்டியைக் கொட்டிவிட்டால் பிழைப்பு போகும். அதனால் பத்து நாளைக்கு முன்னால் பாதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தாள். குடித்தாலும் பாதி விஷம்தானே உள்ளே போகும். அதற்குப் பிறகு பிரேக் வேலை வந்தது இன்றைக்குத்தான். தண்ணீரால் வண்டிக்குக் கேடு வரும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சொன்னால் வெளி ஆள் முன்னால் வீட்டு மானம் போகும். இவனும் சும்மா விடமாட்டான். சொல்லாவிட்டால் மலையில் ஐந்து உயிர்.

அவன் புட்டியைச் சாய்த்தான்.

"ஊத்தாதிய. அதுல தண்ணி கெடக்கு. நாந்தான் ஊத்துனேன்."

உதுமான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நல்ல ஸ்பிரிட் இருக்கிறதா பார்த்துவருகிறேன் என்று நடந்தான்.

கணேசபாண்டியன் புட்டியைக் கீழே வைத்தான். கை ஓங்குவான் என்று பூமாரி கண்ணை மூடிக்கொண்டாள். அடி வாங்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அடி விழவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டான்.

பத்து நாளாக என்றாள்.

அவன் கையைக் கந்தல் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"ஒரு மொடக்கு குடிச்சிருந்தாலும் எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே, பூமாரி."