அண்ணாச்சி வீட்டுக் கருநொச்சி

“தர முடியாது பாய். இலை வேணுமா, வேணுங்கிற மட்டும் பறிச்சுக்கிடும். குச்சியில மட்டும் கை வச்சிராதீரும்.”

செல்லப்பாண்டி அண்ணாச்சி இப்படிச் சொல்வது மூன்றாவது முறை. முகம்மது ஹனீபுக்கு முகம் சுருங்கிப்போனது.

பம்பாய் சீத்தா கேம்ப்பில் கல்லி என்று சொல்லும் அந்தச் சந்துக்கே பெருமை, முனை வீட்டு வாசலில் அண்ணாச்சி நீல டிரம்மில் வளர்த்த கருநொச்சிதான். சாதா நொச்சி எங்கேயும் கிடைக்கும். தண்டும் காம்பும் கருகருவென்று இருக்கும் இது லேசில் கிடைக்காது. பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் ஒன்றரை நாள் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம்.

“பம்பாய் பூரா தேடினாலும் இது எங்கிட்ட மட்டும்தான் இருக்கு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்.

“போகும்போது டிரம்மோட தூக்கிட்டுப் போகப் போறாராக்கும்?” என்றாள் ஹனீபின் மனைவி பீவி. கல்லி முழுக்க அதே பேச்சுதான்.

ஹனீப் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறவர். வெட்டியது போக மிச்சம் விழும் ரெக்சினைக்கூட ஆர்டர் கொடுத்தவருக்கே திருப்பி அனுப்புவார். கல்லியில் சண்டை வந்தால் தீர்த்துவைக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அந்தச் செடிமேல் ஆசை வந்துவிட்டது. என்ன செய்ய!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் போனார். கல்லியில் ஈ காக்கை இல்லை. அண்ணாச்சி கதவைத் திறந்து போட்டுவிட்டு, பனியனோடு கட்டிலில் மல்லாந்து கிடந்தார். குறட்டை நாலு வீட்டுக்குக் கேட்டது. டிரம் விளிம்பில் ஒரு கத்தரிக்கோல்.

‘மறந்து வச்சிட்டாரு போல.’

ஹனீப் இரண்டு பக்கமும் பார்த்தார். விரல் கனத்தில் ஒரு குச்சியை நறுக்கி, ஜிப்பாவுக்குள் செருகிக்கொண்டு, வீடுவரை திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

மொட்டை மாடியில் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால், பெயின்ட் டப்பாவில் அதை நட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! பட்டறை வேலைக்கு நடுவே நாலு தடவை ஏணி ஏறுவார். மழைக்குத் தார்ப்பாய், வெயிலுக்குப் பழைய துப்பட்டா. டீக்கடையில் அண்ணாச்சி யாரும் கேட்காமலே, “நொச்சிக்கு அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தணும்வே, ஆனா வேருல தேங்கக் கூடாது” என்று சத்தமாக அளப்பார். ஹனீப் காது கேட்காதவர் மாதிரி டீயை உறிஞ்சிவிட்டு, நேரே வீட்டுக்குப் போய் அரிசி களைந்த தண்ணீரைக் கேட்பார்.

பதினெட்டாம் நாள் கறுப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது.

“பீவி! இங்க வா! சீக்கிரம் வா!”

மூத்த மகன் பிறந்தபோதுகூட அவர் இப்படிக் கத்தவில்லை என்று பீவி இன்றைக்கும் சொல்வாள்.

ஒரே வருஷத்தில் செடி இடுப்புயரம் வந்துவிட்டது. ஹனீபுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் யாரிடம் சொல்வது? விருந்தாளி வந்தால்கூட மாடிக்குப் போக விடமாட்டார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் சாக்கடை தோண்டும் கட்டர் வேலை நடந்தது. கல்லி முனையில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தபோது அண்ணாச்சியின் டிரம் சப்பையாக நசுங்கியது. செடி வேரோடு போனது. அண்ணாச்சி வாசல்படியில் உட்கார்ந்து நசுங்கிய டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே பம்பாயிலேயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு” என்றாள் பீவி. “தைரியமா வாசல்ல கொண்டாந்து வையுங்க. யாரு கேக்கப் போறா?”

ஹனீபுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“இதை அவருகிட்டயே கொடுத்துடறேன் பீவி.”

“அப்போ எடுத்தது நீங்கதான்னு தெரிஞ்சிருமே! பேரு கெட்டுப்போகாதா?”

“கெடட்டும்.”

மறுநாள் காலை, பெயின்ட் டப்பாவை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். துணி போட்டு மூடவில்லை. கல்லியே வேடிக்கை பார்த்தது.

முனை வீட்டுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் வரிசையாக ஆறு கருநொச்சிகள். தயிர் வாளியில் ஒன்று, எண்ணெய் டின்னில் ஒன்று, கைப்பிடி போன குக்கரில் ஒன்று. அந்தக் குக்கருக்குப் பக்கத்தில் டீக்கடைக்காரர் பூதத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“வாரும் பாய். நீரு ஏழாவது ஆளு” என்றார் அண்ணாச்சி. முகத்தில் கோபத்தையே காணோம்.

ஹனீப் டப்பாவை இறக்கி வைத்தார்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழமை, நீங்க குறட்டை விட்டுத் தூங்கும்போது…”

“நானும் அப்படித்தான்” என்றார் பூதத்தான் மெதுவாக. “நல்ல குறட்டை.”

அண்ணாச்சி ஹனீபின் செடியை இலை இலையாகப் புரட்டிப் பார்த்தார்.

“மொதல்ல கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன் பாய். பதினாலு குச்சி. ஒண்ணுகூடப் பொழைக்கல. சும்மா வந்ததுதானேன்னு ஒருத்தரும் தண்ணி ஊத்தல. இப்ப இதைப் பாரும், ஒரு இலை பழுக்கலையே! எப்படி வளத்திருக்கீரு!” அவருக்குக் கண் கலங்கியது. மீசை மட்டும் முறுக்கு குறையாமல் நின்றது. “தூக்கிட்டுப் போயி அவரவர் வாசல்ல வையுங்க. எனக்கு ஆளுக்கொரு குச்சி தந்தாப் போதும்.”

டீ டம்ளர்களோடு வெளியே வந்த அவர் மனைவி பேராச்சிக்கு ஒன்றும் புரியவில்லை.

“குறட்டையா? முப்பது வருஷமா இவரு பக்கத்துலதான் படுக்கேன். ஒரு நாள்கூட இவரு குறட்டை விட்டதில்லையே பாய்!”