கொசுறு

மழையில் வரத்து குறைந்ததும் தக்காளிக்கு விலை எகிறிவிட்டது. டிவிக்காரர்கள் மைக்கோடு காய்கறிக் கடைக்கு வந்து படம்பிடித்துப் போனார்கள். அன்றிலிருந்து அங்கே ஒரு தக்காளிக்குத் தலைகால் புரியவில்லை.

"தள்ளிப் படு! கொசுறாப் போற ஜென்மமெல்லாம் என்மேல உரசக்கூடாது" என்று கறிவேப்பிலையை விரட்டியது.

"சரிங்க" என்று நகர்ந்துகொண்டது கறிவேப்பிலை.

பக்கத்துக் கூடை வெங்காயம் சிரித்தது. "ரொம்ப ஆடாதே தம்பி. போன வருஷம் எனக்கும்தான் மைக் நீட்டினாங்க. பேட்டி கொடுத்தே ஒரு தோல் உரிஞ்சுபோச்சு."

"நீயும் நானும் ஒண்ணா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது தக்காளி.

ஒரே வாரத்தில் வெயிலடித்தது. லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்கியது. டிவிக்காரர்கள் முருங்கைக்காயைப் படம்பிடிக்கப் போய்விட்டார்கள். நம் தக்காளிக்கோ முதுகு கொழகொழத்துப் போயிருந்தது.

கத்தரிக்காய் வாங்கிய பேச்சியக்கா பையை விரித்து, "கொசுறு எங்கப்பா?" என்றாள்.

கடைக்காரர் அந்தத் தக்காளியை எடுத்துப் பைக்குள் போட்டார். பேச்சியக்கா அதை வெளியே எடுத்துக் கறிவேப்பிலைக் கட்டின்மேலேயே வைத்தாள்.

"இந்தக் கருமத்தை யாரு கேட்டா? ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடு."

அடியிலிருந்து கறிவேப்பிலை மரியாதையாகச் சொன்னது: "கொஞ்சம் தள்ளிப் படுங்க. என்னைக் கூப்பிடுறாங்க."