எலோடி சொன்ன 'மாட்டேன்'

டால்டன் எலோடி வீட்டு மரப்படிகளில் ஏறினான். திங்கட்கிழமை அவனை டெக்சாஸுக்கு மாற்றுகிறார்கள். இன்றைக்கு அவளிடம் பேசி முடிக்காவிட்டால் இனி வாய்ப்பே கிடையாது.

எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் முனையம் ஒன்று ஆற்றோரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு இடம் வாங்கித் தருவதுதான் டால்டனின் வேலை. லூசியானாவின் அந்தக் கரையில் மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இறால் படகும் சொந்தத் துறையுமாக எலோடி மட்டும் அசையவில்லை. ஒரு வருஷமாக வியாழன்தோறும் அவன் வருவதும், அவள் வயிறாரச் சாப்பாடு போட்டு 'மாட்டேன்' என்று சொல்லி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது.

வாசலில் தக்காளி காய்த்துத் தொங்கியது. செடிகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தவை, கம்பெனி அவள் நிலத்தை அளந்து நட்ட எல்லைக் குச்சிகள். ஆரஞ்சு நாடாகூட அவிழ்க்கவில்லை. தொட்டால் வழக்கு என்று முதல் நாளே அவன் எச்சரித்திருந்தான். குளிர்காலம் முழுக்க அவளும் அவற்றைச் சுற்றித்தான் நடந்தாள். இப்போது இந்தக் கொழுப்பு. டால்டன் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனான்.

“என்ன கம்பெனிக்காரரே, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு? இன்னிக்கும் அதே பதில்தான். விக்கமாட்டேன்.” சொல்லிக்கொண்டே சோற்றின் மேல் கம்போ என்கிற இறால் குழம்பை ஊற்றினாள்.

டால்டன் தட்டைத் தொடவில்லை. டெக்சாஸ் விஷயத்தைச் சொன்னான். அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

“இன்னொன்னும் சொல்லணும், எலோடி. திட்டாதீங்க. கப்பல் நிக்கிற துறையை மார்ச் மாசமே அக்கரைக்கு மாத்திட்டாங்க. உங்க இடம் கம்பெனிக்கு வேண்டாம். நான்தான் சும்மா... உங்களைப் பார்க்க வந்துக்கிட்டிருந்தேன்.”

சொல்லியாயிற்று. இனி விரட்டினாலும் சரி என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“தெரியும். அக்கரையில ஆத்தைத் தோண்டறது படகுல போற என் கண்ணுல படாதா? இடம் இனி எனக்கேதான்னு தெரிஞ்சப்புறம்தான் குச்சியைப் பிடுங்கினேன்.”

டால்டன் நிமிர்ந்தான். “அப்ப வாராவாரம் எதுக்கு மாட்டேன், மாட்டேன்னு சொன்னீங்க?”

எலோடி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

“சரின்னு சொல்லியிருந்தா, அப்புறம் நீங்க எதுக்கு வருவீங்க?”