குளத்து மருந்து

எருத்தேன்பதியில் அருள்குமார் வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் கட்டியது மகள் நர்மதாவுக்காகத்தான். விபத்துக்குப் பிறகு அவள் கால்கள் அசையவில்லை. ஆறு மாதத்துக்குள் தண்ணீரில் பயிற்சி கொடுத்தால் நடக்கலாம், தாமதித்தால் கடினம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்து மாதம் போய்விட்டது. குளோரின் நிற்காத தண்ணீரில் அவளை இறக்கக்கூடாது. முதுகில் ஆறாத புண் இருந்தது, கிருமி தொற்றிவிடும்.

தினமும் மாலையில் அருள்குமார் குளத்தில் குளோரின் மருந்து போடுவார். காலையில் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டால், குளோரின் நின்றிருந்தால் மஞ்சளாக வேண்டும். ஒருநாளும் ஆகவில்லை.

குளத்தைப் பராமரிக்கும் மெக்கானிக் பூபதிராஜா எல்லாவற்றையும் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, எங்கிட்ட மறைக்கறீங்களா? தினமும் பத்துப் பேரு குளிச்சாத்தானுங்க இத்தனை மருந்து தீரும்."

"எம்புள்ளையே இன்னும் கால் நனைக்கலீங்க. அப்புறம் யாரு குளிக்கறது, எருமையா?"

அன்று மாலை அருள்குமார் இருமடங்கு மருந்து போட்டார். தார்ப்பாயால் குளத்தை மூடி, எருமை கட்டும் முடிச்சால் சுற்றிலும் இறுக்கினார். அதை அவிழ்க்க அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

காலையில் முடிச்சுகள் அப்படியே இருந்தன. அவிழ்த்துத் தண்ணீர் எடுத்தார். நிறம் வரவில்லை.

குழாயைக் கையில் பிடித்தபடியே மகளின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கும் ஆகலடா சாமி" என்றார்.

நர்மதா நல்ல தூக்கத்தில் இருந்தாள். கூந்தலில் குளோரின் வாடை அடித்தது. போர்வையை விலக்கினார். அவள் பாதங்கள் வெகுநேரம் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அன்று மாலை அவர் பத்துப் பேருக்கு வேண்டிய மருந்தைக் குளத்தில் கொட்டினார். தார்ப்பாயைப் போடவில்லை.